மறுகால் அடைபட்ட எஞ்சின்

(பழைய மாணவர் சங்கமக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது.)



போன மாதம் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "ஏதாவது தொழில்நுட்ப விஷயமாப் பேசுடே. ஆனா படம் கிடம் போடாதே. சாப்பாட்டுக்கு அப்புறம் லைட்டை அணைச்சா பாதிப்பேர் தூங்கிருவான்" என்றார். அதனால் படம் இல்லை. கையில் ஒரு சாக்குப்பையில் சில பழைய சாமான்கள் கொண்டு வந்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கை கறுப்பாகும், அவ்வளவுதான்.

நான் பேச வந்தது ஒரு பழைய புல்லட் எஞ்சினில் எண்ணெய் வடியாமல் போன கதை. எலக்ட்ரிக் வண்டிக் காலத்தில் இது எதற்கு என்று தம்பிகள் நினைக்கலாம். நினையுங்கள், தப்பில்லை. ஆனால் நம் மாவட்டத்தில், குறிப்பாக மலையோரத்து ரப்பர் தோட்டப் பகுதிகளில், எத்தனை வீட்டுத் திண்ணையோரம் பழைய புல்லட் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நிற்கிறவற்றில் பல ஓடாமல் நிற்பதற்குக் காரணம், இன்றைக்கு நான் சொல்லப் போகிற விஷயமாக இருக்கலாம்.

முதலில் வண்டியின் பூர்வீகம். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர்க் கம்பெனி. 1955-ல் அவர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை சென்னை திருவொற்றியூரில். ஆரம்பத்தில் அங்கிருந்து வந்த உதிரிபாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1970-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் உற்பத்தியே நின்று போயிற்று. தாய்வீடு பூட்டப்பட்ட பிறகும் மகள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. 1994-ல் ஐஷர் குழுமத்தோடு இணைந்து, அந்தப் பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சினை 2010-ஐ ஒட்டிய வருடங்கள் வரைக்கும் செய்தார்கள். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. ஆக, 1950-களின் டிசைன் நம் தலைமுறை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் நல்லதும் கெட்டதும் சேர்ந்தேதான் வந்தது.

இனி எண்ணெய். நம்முடைய இன்றைய பைக்குகளில் எஞ்சினின் அடியிலேயே எண்ணெய் கிடக்கும். பம்ப் அங்கிருந்து எடுத்து மேலே தள்ளும். அது தானாக வழிந்து அடிக்கே வரும். வெட் சம்ப். புல்லட் அப்படியில்லை. இது டிரை சம்ப் வகை. கிராங்க் சுற்றுகிற அறையில் எண்ணெய் தேங்கக் கூடாது. அந்த அறைக்குப் பின்னால், அதே வார்ப்பில், தனியாக ஒரு எண்ணெய் அறை இருக்கிறது. இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். இரண்டு பம்ப். ஒன்று எண்ணெய் அறையிலிருந்து எடுத்து பிக் எண்டுக்குத் தரும். இன்னொன்று, வேலை முடித்துக் கிராங்க் அறையின் அடியில் விழுந்த எண்ணெயை உறிஞ்சி, மேலே ராக்கர்களுக்கு அனுப்பும். அங்கிருந்து புஷ் ராட் துளைகள் வழியாக டைமிங் பெட்டிக்கு இறங்கி, நிரம்பி, மறுபடியும் எண்ணெய் அறைக்குள் விழும். திருப்பி எடுக்கிற பம்ப், கொடுக்கிற பம்பைவிடப் பெரியது. கொடுப்பதைவிட எடுப்பது அதிகமாக இருந்தால்தான் கிராங்க் அறை காய்ந்து கிடக்கும்.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதை இன்னும் லேசாகச் சொல்லலாம். எண்ணெய் அறைதான் குளம். கொடுக்கிற பம்ப் மடை. கிராங்க் அறை வயல். வயலில் நின்ற தண்ணீரை இறைத்து மறுபடி குளத்திலேயே விடுகிற ஏற்பாடுதான் ரிட்டர்ன் பம்ப். நம் ஊரில் மடை கசிந்தால் என்ன ஆகும்? குளம் வற்றும், வயலில் தண்ணீர் கட்டி நிற்கும், பயிர் அழுகும். கரையில் நின்று பார்க்கிறவன் "குளத்துல தண்ணி இல்ல, இன்னும் திறந்து விடுங்க" என்பான். புல்லட்டிலும் அச்சு அசலாக இதுவே நடக்கிறது.

என் சித்தப்பாவின் வண்டி 1978-ஆம் வருடத்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றுவிட்டால் வண்டிக்கும் ஓய்வு. இரண்டு வாரம், மூன்று வாரம் ஷெட்டில் நிற்கும். பிறகு கிளப்பினால் வாழைத்தோட்டமே தெரியாத அளவுக்கு நீலப்புகை. கிக்கர் மிதிக்கவே கனமாக இருக்கும். பிரீதர் குழாய் வழியாக எண்ணெய் கொட்டும். அளவுகுச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் அடியில் கிடக்கும். "மக்கா, இது எண்ணெய் குடிக்குதுடே" என்பார். உடனே அரை லிட்டர் ஊற்றுவார். அடுத்த நாள் இன்னும் அதிகமாகக் கக்கும்.

ஒரு பட்டறையில் ரிங் போய்விட்டது என்று சொல்லி ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். புகை குறையவில்லை. வேறொரு இடத்தில் வால்வு கைடு மாற்றினார்கள். அப்போதும் குறையவில்லை. மூன்றாவது இடத்தில், சிலிண்டரில் இனி கடைய இரும்பு இல்லை, ஸ்லீவ் இறக்க வேண்டும் என்றார்கள். இதற்கிடையே பேச்சிப்பாறை ரோட்டில் ஒரு சாயங்காலம், மழை விட்ட நேரம், வளைவில் பின்சக்கரம் வழுக்கி சித்தப்பா விழுந்தார். முழங்கையில் எட்டுத் தையல். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. போய்ப் பார்த்தால் பின் டயரின் ஓரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. பிரீதர் கக்கியது அங்கேதான் போய் ஒட்டியிருந்தது. "ஒண்ணு இந்த வண்டி, இல்லாட்டி நான்" என்று சித்தி சொல்லிவிட்டாள். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வியாபாரி விலை பேசிவிட்டும் போயிருந்தார். அந்த நிலையில்தான் எனக்குப் போன் வந்தது.

நான் மெக்கானிக் இல்லை. பம்ப், பைப்லைன் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். ஆனால் பம்ப் எங்கே இருந்தாலும் பம்ப்தானே. சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "ஒரு வாரத்துக்கு ஸ்பேனரை யாரும் தொட வேண்டாம். முதல்ல அளந்து பார்ப்போம்."

புகையைப் பற்றித் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. இது எல்லோருக்கும் தெரியும். எப்போது வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஏற்றம் ஏறும்போது விடாமல் வந்தால் ரிங்கையோ சிலிண்டரையோ சந்தேகப்படலாம். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கி, மறுபடி கொடுக்கும்போது ஒரு குப்பென்று வந்தால் வால்வு கைடு. நாள் கணக்கில் நின்ற பிறகு கிளப்பும்போது மட்டும் மேகம் மாதிரி வந்து, சில கிலோமீட்டரில் குறைந்தால், கிராங்க் அறைக்குள் எண்ணெய் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஃப்ளைவீல் அந்த எண்ணெயில் முங்கிச் சுற்றும். வாரி சிலிண்டர் சுவரில் அடிக்கும். எண்ணெய் ரிங் எத்தனை புதிதானாலும் அவ்வளவையும் வழித்தெடுக்காது. கிக்கர் கனப்பதற்கும் அதுவே காரணம். சித்தப்பா வண்டியில் கிளப்பும்போது மேகம். ஆனால் ஓட ஓடக் குறைந்தாலும் முழுக்க நிற்கவில்லை. அந்த மீதிப் புகைதான் எனக்கு உறுத்தியது.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் அறைக்கு ஒரு டிரெயின் பிளக், கிராங்க் அறைக்குத் தனியாக ஒரு டிரெயின் பிளக். எண்ணெய் மாற்றும்போது முதலாவதை மட்டும் கழற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது.

வண்டியை இருபது கிலோமீட்டர் ஓட்டிவரச் செய்தேன். நிறுத்தின கையோடு கிராங்க் அறைப் பிளக்கைக் கழற்றி, விழுந்த எண்ணெயை அளவுக் குவளையில் பிடித்தேன். 450 மி.லி. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் ஒரு டீ கிளாஸ் அளவுகூடத் தேறாது. பிறகு அந்த எண்ணெயை வடிகட்டி எண்ணெய் அறையில் ஊற்றி, பிளக்கைப் பூட்டி, வண்டியை ஒன்பது நாள் அசையாமல் நிறுத்தினோம். மறுபடி கழற்றினால் 1,100 மி.லி. குளத்தில் பாதி வயலுக்கு வந்துவிட்டது.

இந்த இரண்டு அளவும் இரண்டு வேறு நோயைச் சொல்கின்றன. ஓடி நின்ற உடனே அதிகம் இருந்தால் இறைக்கிற பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஓடி நின்றபோது குறைவாக இருந்து, நிற்க நிற்க அதிகமானால் கொடுக்கிற பக்கம் கசிகிறது. சித்தப்பா வண்டியில் இரண்டுமே இருந்தன. அதனால்தான் ஒன்றை மனதில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. ராக்கருக்குப் போகும் வெளிக்குழாயின் போல்ட்டை, எஞ்சின் மெதுவாக ஓடும்போது கொஞ்சம் தளர்த்திப் பார்த்தோம். எண்ணெய் நன்றாகக் கசிந்து வர வேண்டும். இங்கே அழுகிற பிள்ளை மாதிரி சொட்டுச் சொட்டாக வந்தது. கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் எட்டாத கதை.

இந்த பம்ப்களைப் பார்க்க எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். டைமிங் கவரில் இரண்டு சின்ன மூடிகள். சில ஸ்க்ரூ. மூடிக்குள் ஒரு ஸ்பிரிங், அதன் அடியில் வட்டமான ஒரு டிஸ்க், டிஸ்க்குக்குள் போய்வரும் ஒரு சின்ன பிளஞ்சர். கிராங்க் முனையில் உள்ள வார்ம் சுற்றும்போது டிஸ்க் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஆடும்போது உறிஞ்சும் துளையும் தள்ளும் துளையும் மாறி மாறித் திறக்கும். வால்வு கிடையாது, சீல் கிடையாது. தட்டையான டிஸ்க் தட்டையான இருக்கையில் ஒட்டி உட்காருவதுதான் சீல். எவ்வளவு எளிமை பாருங்கள். ஆனால் அந்தத் தட்டையில் ஒரு கோடு விழுந்தால் போதும். வண்டி நிற்கும்போது அந்தக் கோடு வழியாக எண்ணெய் இரவும் பகலும் இறங்கும். நம் ஊர் வெயிலுக்கு எண்ணெய் இளகி இன்னும் வேகமாக இறங்கும்.

ரிட்டர்ன் பம்ப் மூடியைத் திறந்தபோது சித்தப்பாவும் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். பேப்பர் கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் யாரோ தாராளமாக கேஸ்கெட் பேஸ்ட் பூசியிருந்தார்கள். பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து, ரப்பர் பால் உறைந்த மாதிரி, உறிஞ்சும் துளையின் வாயில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தது. கொறடால் பிடித்து இழுத்தேன், தோலாக வந்தது. சித்தப்பா அதை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். "இதுக்காடே நான் சிலிண்டரைக் கடைஞ்சேன்?" என்றார். அந்தத் துண்டு இந்தப் பையில் இருக்கிறது. ஒரு உளுந்தம்பருப்பு அளவுதான்.

கேஸ்கெட் பேஸ்ட் கெட்ட சாமான் இல்லை. ஆனால் எண்ணெய்த் துளை உள்ள இடத்தில் கையை அடக்கிப் பூச வேண்டும். கசியக் கூடாது என்ற அக்கறையில் பூசினது எண்ணெயின் வழியையே அடைத்துவிட்டது. சரி, மேலே போவோம்.

இரண்டு டிஸ்க்கிலும் கோடுகள். துளைகளை கிரீஸ் வைத்து அடைத்துவிட்டு, மிக நைஸான லாப்பிங் பேஸ்ட்டைத் தடவி, டிஸ்க்கை அதனதன் இருக்கையிலேயே கையால் திருப்பித் திருப்பித் தேய்த்தோம். டிரில்லில் மாட்டிச் செய்கிறவர்களும் உண்டு. எனக்குக் கைதான் நம்பிக்கை. டிஸ்க் முகம் முழுக்க ஒரே சீரான மங்கலான சாம்பல் நிறம் வந்தால் போதும். பிறகு மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவினோம். இந்தக் கழுவலில் சோம்பல் பட்டால் அந்த பேஸ்ட்டே பிக் எண்டுக்குப் போய் அதையும் தேய்க்கும். எண்ணெய் தடவி டிஸ்க்கை வைத்து, பெருவிரலால் அழுத்திக்கொண்டு பிளஞ்சரை இழுத்தால், உள்ளே காற்று உறிஞ்சிப் பிடிப்பது கைக்குத் தெரிய வேண்டும். தெரிந்தது. ஸ்பிரிங் இரண்டும் புதிது. நாகர்கோவிலில் உதிரிபாகக் கடையில் ஸ்பிரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து, ரீபோருக்குக் கொடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

திறந்த கையோடு டைமிங் கவரையும் கழற்றினோம். கிராங்க் முனைக்குள் எண்ணெய் நுழையும் இடத்தில் ஒரு கார்க் சீல் உண்டு. அது கருகி, விறகுக்கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. அது கசிந்தால் பிக் எண்டுக்குப் போக வேண்டிய எண்ணெய் பாதி வழியிலேயே டைமிங் பெட்டிக்குள் ஒழுகிவிடும். சைலன்ஸர் புகையைப் பார்த்து எண்ணெய் அதிகம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே பிக் எண்ட் தாகத்தில் இருந்திருக்கிறது. இன்னும் ஒரு வருடம் அப்படியே ஓட்டியிருந்தால் கனெக்டிங் ராட் சத்தம் கேட்டிருக்கும். அதன் பிறகு அந்த வியாபாரிதான் கதி.

பிரீதர் இன்னொன்று. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் 346 சி.சி. காற்றைக் கிராங்க் அறைக்குள் அமுக்குகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு ஐம்பது தடவை. அந்தக் காற்று வெளியே போக வேண்டும், திரும்ப உள்ளே வரக் கூடாது. ஒருவழி வால்வு அதற்குத்தான். இந்த வண்டியில் அந்த ரப்பர் வாய் இறுகி, திறந்தபடியே நின்றுவிட்டது. மூடாத பிரீதரால் உள்ளே அழுத்தம் நிற்கும். கேஸ்கெட்டும் சீலும் ஒன்று மாற்றி ஒன்று கசியும். புதிது போட்டு, குழாயின் முனையைப் பின்சக்கரத்துக்கு எட்டாத இடத்துக்குத் திருப்பி, ஒரு சின்ன பாட்டிலுக்குள் விட்டோம். சித்தி கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பூட்டிய உடனே கிளப்பக் கூடாது. ஃபில்டர் அறையை எண்ணெயால் நிரப்பி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரை மெதுவாகப் பலமுறை மிதித்து, எண்ணெய் ஏறின பிறகே கிளப்ப வேண்டும். ராக்கர் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தபோது இந்த முறை எண்ணெய் வழிந்து என் கையெல்லாம் ஆகிவிட்டது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக நான் கை கழுவினதில்லை.

மறுபடி அளந்தோம். ஓடி நின்றவுடன் 80 மி.லி. ஒன்பது நாள் நின்ற பிறகு 250 மி.லி. பூஜ்ஜியம் ஆகவில்லையே என்று யாராவது கேட்பீர்கள். ஆகாது. இரண்டு உலோகத் தட்டையை ஒட்டிவைத்துச் செய்த சீலிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. நார்ட்டன், டிரையம்ஃப் போன்ற பழைய இங்கிலீஷ் வண்டிகளுக்கும் இந்த நோய் உண்டு. அவற்றில் எண்ணெய் டேங்க் தனியாக இருப்பதால் குழாயில் ஒரு டேப் வைத்துவிடுகிறார்கள். டேப்பைத் திறக்க மறந்து கிளப்பினால் எஞ்சின் பிடித்துவிடும். அது வேறு வினை. புல்லட்டில் டேங்க்கும் எஞ்சினும் ஒரே வார்ப்பு என்பதால் அந்த யோசனைக்கே இடமில்லை. எனவே சித்தப்பாவுக்கு ஒரு வழக்கம் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் நின்ற வண்டியா, கிளப்பும் முன் கிராங்க் அறைப் பிளக்கைக் கழற்றி வடித்து, துணியில் வடிகட்டி மேலே ஊற்று. எண்ணெய் அளவை, வண்டி சில நிமிடம் ஓடி நின்ற பிறகே பார். நின்ற வண்டியின் அளவுகுச்சியை நம்பி ஊற்றாதே. குளம்-வயல் கணக்கைச் சொன்னதும் அவருக்கு அது ஒரே நொடியில் விளங்கிவிட்டது. "வயல்ல நிக்க தண்ணியப் பாக்காம குளத்துல தண்ணி இல்லைன்னு சொல்லிட்டேன், இல்லையா?" என்றார்.

இன்னொரு விஷயம். 2021-ல் மத்திய அரசு ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. சட்டகத்திலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் அதில் சேரும். சித்தப்பா வண்டிக்கு 2028-ல் ஐம்பது முடியும். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது என்பதால் அவருக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் வீட்டில் அதைவிடப் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள், வேறு எஞ்சின் இறக்கலாம் என்று பட்டறையில் யாராவது சொன்னால், கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு: வண்டி வெளியே மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் பக்கத்துப் புளியமரத்தடியில் நிற்கிறது. சித்தப்பா பன்னிரண்டு நாளாக அதைத் தொடவில்லை, நான்தான் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். இங்கே ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்தோம். டீ குடித்துவிட்டு வாருங்கள், பிளக்கைக் கழற்றி அளப்போம். எவ்வளவு விழும் என்று இப்போதே ஒரு சீட்டில் எழுதி எனக்குக் கொடுங்கள். சரியாகச் சொல்கிறவரைச் சித்தப்பா குலசேகரம் வரைக்கும் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். ஹெல்மெட் அவரே தருவார்.